ஒரு பிரேக்கின் விலை என்ன?

நீங்கள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவரா? அப்படியானால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பௌதிகத்தில் பாதி உங்கள் கால்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து குரு தியேட்டர் சந்திப்பை நோக்கி நீங்கள் சைக்கிளில் வருவதாக வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு அப்பால் சிவப்பு விளக்கு எரிவது தெரிகிறது. என்ன செய்வீர்கள்? மிதிப்பதை நிறுத்திவிடுவீர்கள். சைக்கிள் தானாக உருண்டு, வேகம் தளர்ந்து, விளக்கின் அருகே வரும்போது இலேசாகப் பிரேக்கைத் தொட்டால் போதும், நின்றுவிடும். சிவப்பு விளக்கு வரை மூச்சு வாங்க மிதித்துவிட்டுக் கடைசி நொடியில் பிரேக்கைப் பிடிக்கிற சைக்கிள்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி எங்கே செலவாகிறது என்று கால் கணக்குப் பார்க்கிறது.

அதே சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று கார்களைக் கவனியுங்கள். சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் அதே வேகத்தில் வரும். விளக்குக்குப் பத்து மீட்டர் முன்னால் பின்புறச் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிய, வண்டி தலையைக் கவிழ்த்து நிற்கும். ஓட்டுகிறவரின் காலுக்கு எந்த வலியும் இல்லை. வலி மாதக் கடைசியில் பெட்ரோல் பங்கில்தான் தெரிகிறது.

இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் பௌதிக ஆசிரியர் அல்லர்; ஒரு பஸ் ஓட்டுநர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் குடியிருந்தார். அப்போது மதுரைப் பகுதி அரசு பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் ஓடின. 1972-இல் தொடங்கிய அந்தக் கழகம் 1997-இல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயருக்குள் வந்தது. அவர் தேனி வண்டி ஓட்டுவார். இரவு வீடு திரும்பும்போது திண்ணையில் இருக்கும் நாங்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல, “மாமா, இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்போம். “நாலே முக்கால் வந்துருச்சுடா” என்பார் பெருமையுடன். லிட்டர் டீசலுக்கு நாலே முக்கால் கிலோமீட்டர் என்று பொருள். பஸ் தொழிலில் இதற்குக் ‘கே.எம்.பி.எல்.’ என்று பெயர். ஓடிய தூரமும் டிப்போவில் ஊற்றிய டீசலும் வண்டிவாரியாகக் கணக்கில் ஏறும். ஓட்டுநரின் கால் என்ன செய்தது என்பது அந்தக் கணக்கில் மறையாமல் தெரிந்துவிடும்.

ஒரு விடுமுறையில் அவருடைய வண்டியில் எஞ்சின் மூடியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து உசிலம்பட்டி வரை போனேன். நாகமலை புதுக்கோட்டை தாண்டிச் செக்கானூரணி நெருங்குகிறது. நிறுத்தம் இன்னும் கால் கிலோமீட்டர் இருக்கும். அவருடைய வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துவிட்டது.

“ஏன் மாமா இப்பவே காலை எடுத்துட்டீங்க?”

“அங்க ஆளு நிக்கிறது இங்கயே தெரியுதுல்ல? அதுவரைக்கும் மிதிச்சுட்டுப் போயி பிரேக்கைப் போட்டா, டீசலை ரோட்டுல ஊத்துன மாதிரிதான்டா.”

எவ்வளவு டீசலை ஊற்றியது போல? பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிய பின்தான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு. அதன் அளவு நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஆட்களுடன் சேர்த்து 1000 கிலோகிராம் உள்ள ஒரு சிறிய கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. நொடிக்கு 16.7 மீட்டர். எனவே இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் இவ்வளவும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. திரும்பவும் 60-ஐ எட்ட அதே அளவு ஆற்றலை எஞ்சின் புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் ஜூல் இருக்கிறது. கேட்பதற்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நகரத்துக்குள் ஓடும் காரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே பெரிது. மீதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. எஞ்சினின் உள்ளுராய்வும் கொஞ்சம் தின்கிறது. ஆகவே 1,39,000 ஜூலைச் சக்கரத்தில் பெற, ஐந்து மடங்கு, அதாவது சுமார் 7 லட்சம் ஜூலுக்கான பெட்ரோலை எரிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 22 மில்லிலிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 ரூபாய் 20 காசு.

ஒரு பிரேக்கின் விலை அதுதான். 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்று கிளம்பினால் இரண்டு ரூபாய்க்கு மேல். வேகம் 30 ஆக இருந்தால்? பாதி விலை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வேகத்தின் வர்க்கம் அல்லவா? கால் பங்கு, 55 காசுதான்.

இனி மாமாவின் பஸ். நிறையப் பயணிகளுடன் 13 டன் என்போம். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடச் சிக்கனமானது. மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று தாராளமாகவே கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் 3 கோடியே 60 லட்சம் ஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்று கிளம்ப ஆகும் டீசல் 150 மில்லிலிட்டர். ஒரு காப்பி டம்ளர்! தேனி போய்ச் சேர்வதற்குள் எத்தனை நிறுத்தம், எத்தனை மாடு, எத்தனை வேகத்தடை? டீசலை ரோட்டில் ஊற்றுவதாக அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

“நிற்க வேண்டிய இடத்தில் எப்படியும் நிற்கத்தானே வேண்டும்? அந்த ஆற்றல் எப்படியும் போய்விடுமே” என்று உங்களில் யாராவது கேட்டால், அவருக்கு என் வகுப்பில் முதல் வரிசையில் இடம் தருவேன். ஆம், போகத்தான் செய்யும். ஆனால் போவதற்கு முன் அது உங்களை எவ்வளவு தூரம் சுமந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இருநூறு மீட்டருக்கு முன்பே காலை எடுத்தவருக்கு அந்த இருநூறு மீட்டரும் இனாம்; இயக்க ஆற்றலே அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கடைசி வரை மிதித்தவர் அந்த இருநூறு மீட்டருக்கும் பெட்ரோல் எரித்துவிட்டு, இயக்க ஆற்றலையும் பிரேக்குக்குக் கொடுத்துவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. மெதுவாக உருண்டு வருகிறவர் விளக்கை அடைவதற்குள் பல நேரம் பச்சை விழுந்துவிடும். நிற்காமலே போய்விடுவார். அவசரமாக முந்திச் சென்றவர் நின்ற இடத்திலிருந்து உறுமிக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

காலை எடுத்ததும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், இப்போதைய கார்களில் உள்ள சிறு கணிப்பொறி ‘ஓட்டுநருக்குச் சக்தி தேவையில்லை, எஞ்சினோ வேகமாகச் சுற்றுகிறது’ என்று புரிந்துகொண்டு, பெட்ரோலைப் பீச்சும் துளைகளை அடைத்துவிடும். சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. எரிபொருள் ஒரு சொட்டும் எரிவதில்லை. சுற்று வேகம் மிகவும் இறங்கி எஞ்சின் நின்றுவிடும் நிலை வந்தால்தான் மறுபடி துளை திறக்கும்.

இங்கேதான் பெரியவர்களோடு நீங்கள் வாதாட வேண்டிவரும். “இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டால் பெட்ரோல் மிச்சம்” என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். கார்புரேட்டர் இருந்த காலத்துக் கார்களில் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. காலை எடுத்தாலும் எஞ்சினின் உறிஞ்சலுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைச் சொட்டிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் சுற்று குறைவதால் சொட்டுவதும் குறையும். நம் நாட்டுப் புதிய கார்களில் 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டர் மறைந்துவிட்டது. இப்போது கணக்கு தலைகீழ். இறக்கத்தில் கியரில் உருண்டால் செலவு பூஜ்யம். நியூட்ரலில் உருண்டால், எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்தாக வேண்டும். பழக்கம் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காசு விஷயம் மட்டுமாக இருந்தால் இதை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் கொடைக்கானல் போய்விட்டு வத்தலக்குண்டு பக்கமாக இறங்கிவந்தேன். பௌதிகம் கற்பிக்கிறவனே மேலே சொன்ன பழைய பேச்சை நம்பி, மலைப்பாதையில் பெரும்பகுதியை நியூட்ரலிலேயே இறங்கினேன். பாதி வழியில் ஏதோ தீய்கிற வாசனை. பின் இருக்கையிலிருந்து மகள், “அப்பா, என்னமோ கருகுதுப்பா” என்றாள். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது. வண்டி பிடிக்க மறுக்கிறது. உள்ளங்கை வேர்த்துவிட்டது. எப்படியோ கியரைப் போட்டு, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைச்சுவர் ஓரமாக நிறுத்தினேன். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என்ன நடந்தது? கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்க வேண்டும். 1000 கிலோகிராம் காருக்கு அந்த உயரத்தில் உள்ள நிலை ஆற்றல் 1 கோடியே 76 லட்சம் ஜூல். கீழே வந்து சேரும்போது இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது கரைந்திருக்க வேண்டும். இது எவ்வளவு வெப்பம் தெரியுமா? நான்கு குடம், அதாவது 60 லிட்டர் தண்ணீரைக் குழாய்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சினின் உள்ளுராய்வும் உறிஞ்சலும் இன்னொரு பெரும் பங்கை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேற்றிவிடும். நியூட்ரலில் இறங்கினால் அந்தச் சுமையும் சேர்ந்து நான்கு சிறிய பிரேக்குகளின் தலையில் விழுகிறது. சூடு ஏறினால் பிரேக் கட்டைகளின் உராய்வு குறைகிறது. மேலும் ஏறினால் பிரேக் குழாயில் உள்ள எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே பெடலின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது, சக்கரத்துக்குப் போவதில்லை. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் உண்டு. அது இன்னும் மோசம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவிச் சக்தியும் நின்றுவிடும்.

மலையிலிருந்து சமவெளிக்கு வருவோம். ஆரப்பாளையத்திலிருந்து வைகைப் பாலம் தாண்டி, விளாங்குடி, பரவை வழியாகச் சமயநல்லூர் போனால் திண்டுக்கல் நான்கு வழிச்சாலை. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு. காற்றுதான் எதிரி.

சீரான வேகத்தில் ஓடும் காரை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் தடை ஒன்று. நம் சிறிய காருக்குச் சுமார் 120 நியூட்டன். இது வேகத்தோடு அதிகம் மாறாது. மற்றது காற்றுத் தடை. 60 கி.மீ. வேகத்தில் அதுவும் ஏறத்தாழ 120 நியூட்டன்தான். ஆனால் இதுவும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-இல் 210 நியூட்டன், 100-இல் 330 நியூட்டன். திண்டுக்கல்லுக்கு 60 கி.மீ. என்று வைத்து, 80 வேகத்தில் போனால் 45 நிமிடம். 100 வேகத்தில் போனால் 36 நிமிடம். அந்த ஒன்பது நிமிட மிச்சத்துக்காகக் கூடுதல் 120 நியூட்டனை 60,000 மீட்டர் தூரம் தள்ளுகிறோம். கூடுதல் வேலை 72 லட்சம் ஜூல். நெடுஞ்சாலையில் எஞ்சின் நகரத்தைவிட நன்றாக வேலை செய்யும். எனவே மூன்றில் ஒரு பங்கு தேறும் என்று கொண்டாலும் ஏறக்குறைய 0.7 லிட்டர், எழுபது ரூபாய். ஒன்பது நிமிடத்துக்கு எழுபது ரூபாய் தரலாமா என்பதை அவரவர் அவசரம் முடிவு செய்யட்டும். திண்டுக்கல்லில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கப் போகிறவருக்கு அது நஷ்டம் என்பது என் கருத்து.

அப்படியானால் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் இன்னும் லாபமா? இல்லை. எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே நிமிடத்துக்கு இவ்வளவு என்று எரிபொருள் கேட்கும். மெதுவாகப் போனால் நிமிடங்கள் கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்கன வேகம் இருக்கிறது. நம் நாட்டில் 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கி.மீ. வேகத்தைக் கார்களுக்கு நீண்ட காலமாகப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் குறுக்கியபோது, எதற்கும் குறைவில்லாத அமெரிக்காவே 1974-இல் சட்டம் போட்டு நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது 88 கி.மீ. ஆகக் கட்டுப்படுத்தியது. அந்தத் தேசிய வரம்பு 1995 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

தட்டுப்பாடு மதுரைக்கும் புதிதல்ல. 1912-இலேயே டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் விட்டார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அவருடைய நிறுவனமே கரி வாயுக் கலங்களைச் செய்தது. அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் வாயுவில் வண்டிகள் ஓடின. இன்றோ இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய காரின் எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். ரயில்வே கேட்டில் அணைத்துவிடுவதே சரி. ஆவணி மாதம் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா நடக்கும் நாளில் ஆரப்பாளையம் பக்கம் காரை எடுப்பதைவிட நடப்பது உத்தமம். டயரில் காற்று குறைந்தால் உருளும் தடை கூடும். கிளம்பியதும் எஞ்சினை அலறவிடாமல் சீக்கிரமே மேல் கியருக்கு மாற்றுங்கள். குறைந்த சுற்றில் சற்றுத் திறந்த வாயுடன் மூச்சுவிடும் எஞ்சின், வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகச் சுற்றும் எஞ்சினைவிடக் குறைவாகத் தின்னும். மின்சாரக் கார்களில் காலை எடுத்தாலே மோட்டார் டைனமோவாக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். ஒரு பகுதியைத்தான், முழுவதையும் அல்ல. எனவே முன்னே பார்த்து ஓட்டும் வித்தை அங்கேயும் செல்லும்.

உங்களுக்கு 18 வயது ஆகும்வரை ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. ஆனால் பரிசோதனை செய்ய ஸ்டீயரிங் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கார் இருந்தால், பங்கில் தொட்டி நிரம்பிப் பம்பு தானாக நிற்கும்வரை பெட்ரோல் போடச் சொல்லி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் அதேபோல் நிரப்பச் சொல்லுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் காரின் கே.எம்.பி.எல். கிடைக்கும். முன் இருக்கையில் உட்காரும் நாட்களில் பிரேக் எத்தனை முறை மிதிபடுகிறது என்று ஓசைப்படாமல் எண்ணிக் கோடு போட்டுவாருங்கள். அடுத்த தொட்டிக்கு அந்த எண்ணிக்கையை ஓட்டுகிறவரிடம் காட்டிவிட்டு, மறுபடியும் எண்ணுங்கள். பக்குவமாகக் காட்டுங்கள், என் மகள் என்னிடம் காட்டிய விதம் அவ்வளவு பக்குவமாக இல்லை. இரண்டு முறையும் ஒரே பங்கில், ஒரே பம்பில், வண்டி ஒரே சாய்வில் நிற்கும்படி நிரப்புங்கள். இல்லாவிட்டால் தொட்டியின் மூலையில் தங்கும் காற்றே ஒன்றிரண்டு லிட்டர் பிழையைக் கொண்டுவந்துவிடும்.